தங்கவயல்ல எடுத்த தங்கத்துக்கு மதிப்பு போடறது எப்படி? அதுல ஊருக்கு நின்னது எவ்ளோ?

மாரிக்குப்பம்_முரளி:

பெங்களூர்ல இருக்கற நம்ம தங்கவயல் ஆளுங்க, அப்புறம் பல்லாரி, நெய்வேலி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்து இங்க செட்டில் ஆனவங்க எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் பேசணும். கேஜிஎஃப்னு, அதாவது கோலார் தங்கவயல்னு சொன்னா போதும், ஆஃபீஸ்ல யாராவது ஒருத்தர் "எட்டு லட்சம் கோடி ரூபா தங்கம் எடுத்த ஊராச்சே"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. கணக்கு என்னன்னா 1880ல இருந்து 2001 வரைக்கும் 800 டன்னுக்கு மேல எடுத்திருக்காங்க, கிராம் 10,000 ரூபான்னு வச்சுப் பெருக்கினா எட்டு லட்சம் கோடி வருது, பெருக்கல் சரிதான். ஆனா அதைச் சொன்ன கையோட "அப்புறம் ஏன்ப்பா நீங்கல்லாம் இருட்டுலயே ட்ரெயின் ஏறி ஒயிட்ஃபீல்டுக்கும் கன்டோன்மென்டுக்கும் வேலைக்கு வர்றீங்க"ன்னு கேக்கறாங்க பாருங்க, அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ஒழுங்கான பதில் வேணும்.

நான் நினைக்கறது இதுதான். ஒரு சுரங்க ஏரியாவோட மதிப்பை அங்க எவ்ளோ வெட்டினாங்கன்னு அளக்கறதே தப்பு, வெட்டினதுல அந்த ஊர்ல எவ்ளோ தங்குச்சுன்னு அளக்கணும். இது பழைய கதையும் இல்ல. 2024 ஜூன்ல நம்ம சயனைடு மேடுங்கள, அதாவது தங்கம் எடுத்த பிறகு கொட்டி வச்ச கழிவு மண்ணு மேடுங்கள, ஏலம் விடறதுக்கு கர்நாடக மந்திரிசபை ஓகே சொல்லிடுச்சு, 13 மேடு, 1,003 ஏக்கர் சொச்சம், 3 கோடியே 30 லட்சம் டன் மண்ணு. மறுபடியும் யாராவது பெருக்கிப் பாத்து ஒரு பெரிய நம்பர் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நாம ஒரு கணக்கு வச்சிருக்கணும்.

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:

முரளி தம்பி, நல்ல கேள்வி. நான் ஆடிட் லைன்ல இருக்கறவன், கணக்குப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

அந்த எட்டு லட்சம் கோடியை மொதல்ல ஓரமா வையுங்க. 1905ல எடுத்த தங்கத்தை 1905 விலைக்குத்தான் வித்தாங்க. 1934ல இருந்து 1971 வரைக்கும் உலகத்துல தங்கத்தோட அதிகாரபூர்வ விலை அவுன்ஸ் 35 டாலர், அவ்ளோதான். சுரங்கம் அரசாங்கத்துக்குக் கீழ வந்த பிறகு தங்கம் அந்த மாதிரி கட்டுப்படுத்தின விலைக்குத்தான் போச்சு, அதே நேரத்துல வெளி மார்க்கெட்ல நம்ம ஊர் நகைக்கடை விலை அதுக்கு மேல. அப்ப அந்த வித்தியாசம் இருக்கே, அதுவும் தங்கவயல் தொழிலாளி நாட்டுக்குக் கொடுத்த காசுதான், ஆனா புஸ்தகத்துல அது "சுரங்கம் நஷ்டம்"னுதான் ஏறும்.

ரெண்டாவது, உற்பத்தி மதிப்பு வேற, செலவு போக நிக்கற கூட்டு மதிப்பு வேற. ஒரு இட்லி கடைக்காரர் சாயங்காலம் கல்லாவுல இருக்கற மொத்தத்தையும் சம்பாத்தியம்னு சொல்ல மாட்டார் இல்லையா, அரிசி உளுந்து கேஸ் போகத்தானே மீதி. தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல 3 கிலோமீட்டருக்கும் கீழ போய் வெட்டினாங்க, அந்த ஆழத்துல பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல, அதனால காத்தைக் குளுரவச்சு உள்ள அனுப்பணும், தண்ணிய மேல இறைக்கணும், ஆள் எறங்கற ஷாஃப்ட் குழிய ஓட்டணும், முட்டு கொடுக்கணும். மேல வர்ற ஒவ்வொரு கிராமுக்குப் பின்னாடியும் இவ்ளோ செலவு. ஆரம்ப காலத்துல ஒரு டன் கல்லுல கிடைச்ச தங்கத்தோட ஒப்பிட்டா கடைசியில அது பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடுச்சு. செலவு விலைய விட பல மடங்கு ஏறிடுச்சு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினாங்க, அப்ப உலக மார்க்கெட்ல தங்கம் அவுன்ஸ் 300 டாலருக்கும் கீழ, அந்த இருபது வருஷத்துலயே அடிமட்டம்னு சொல்லலாம். அதுக்கப்புறம் ஏற ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் எங்க போயிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் ஊருக்கு என்ன நின்னுச்சுன்னு பேச முடியும்.

உரிகம்_பெரியவர்:

தம்பிங்களா நான் ஊரிகாம் ஆளு, இப்ப பையனோட மர்பி டவுன்ல கீறேன். நீங்க கணக்கு போடறத படிச்சினு இருந்தேன். ஊருல ஒண்ணுமே நிக்கலன்னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க காலத்துல சங்கு ஊதினா ஊரே எழுந்துக்கும், ஷிப்டு மாறும்போது ரோட்டுல தலை தலையா போகும். சம்பளத்தன்னைக்கு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்ல நிக்க எடம் இருக்காது. ஆஸ்பத்திரி இருந்துச்சு, பள்ளிக்கூடம் இருந்துச்சு, பேத்தமங்கலம் ஏரிலேருந்து பாலாத்து தண்ணி கொழாய்ல வந்துச்சு, அந்தக் காலத்துல சுத்துப்பட்டு ஊருல எவனுக்கு கொழாத்தண்ணி இருந்துச்சு சொல்லு. வட ஆற்காட்டுலருந்தும் தர்மபுரி சித்தூரு பக்கத்துலருந்தும் பஞ்சத்துக்கு வந்த ஜனம், ஊருல சேரின்னு ஒதுக்கி வச்ச ஜனம், இங்க கைல கூலி வாங்கி புள்ளைய படிக்க வச்சான். யூனியன் கட்டினான், ராத்திரி பள்ளிக்கூடம் நடத்தினான், புத்தர் பேரைச் சொன்னான். இதுக்கு நீ கணக்குல எந்த கட்டத்துல மதிப்பு போடுவ?

ஆனா கீழ வேலைன்னா என்னான்னும் சொல்லணும். லிஃப்ட் மாதிரி கேஜ்ல நிறுத்தி எறக்குவான், காது அடைச்சிக்கும், ஒரு கேஜ்லயே கடைசி வரைக்கும் போவ முடியாது, நடுவுல எறங்கி வேற ஷாஃப்ட் மாறணும். அடியில போனா மேல சட்ட நிக்காது, கோவணத்தோட வேலை செய்வான், கல்லத் தொட்டா சூடு தெரியும். பர்ஸ்ட்டுன்னு சொல்லுவோம், பாறை தானா வெடிச்சு தள்ளும், மேல ஊருல வீட்டுக்குள்ள பாத்திரம் ஆடும், செவுரு கீறல் விடும். பாத்திரம் ஆடின ஒடனே பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட்டாண்ட ஓடுவாங்க, யார் வீட்டு ஆளுன்னு தெரியாது இல்ல. அப்புறம் கல்லுத்தூசி நெஞ்சுல உக்காந்து நாப்பது வயசுலயே மூச்சு வாங்கினு செத்தவங்க எத்தினி பேரு. அந்த செலவு எல்லாம் யாரு எழுதினா புஸ்தகத்துல?

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:

ஐயா, நீங்க சொன்னதை எந்தக் கணக்குலயும் ஏத்தல, அதுதான் உண்மை. அந்தக் கல்லுத்தூசி நோய், சிலிகோசிஸ், வந்த ஆளோட மருந்துச் செலவும் அவர் குடும்பம் இழந்த வருமானமும் உற்பத்தி மதிப்புல கழியறதே இல்ல. கழிக்கணும்.

ட்ரில்லர்_பாலா:

நான் மைனிங் இன்ஜினியர், இப்ப பெங்களூர்ல ஒரு கன்சல்டிங் கம்பெனியில இருக்கேன். பெரியவர் ஐயா சொன்னதுக்கு ஒரு வரலாறு சேக்கறேன், ஏன்னா பெங்களூர்காரங்க பல பேருக்கு இது தெரியாது.

1902ல சிவசமுத்திரத்துல காவேரி அருவியில கரண்ட் எடுத்தாங்களே, அது யாருக்காகன்னு நினைக்கறீங்க? கோலார் தங்கச் சுரங்கத்துக்காக. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துல போட்ட திட்டம், கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர் தூரம் லைன் இழுத்தாங்க, அந்தக் காலத்துல உலகத்துலயே ரொம்ப நீளமான மின்சார லைன்கள்ல அது ஒண்ணு. சுரங்கக் கம்பெனிங்க கரண்டை வாங்கிக்கறோம்னு ஒப்பந்தம் போட்டதாலதான் அவ்ளோ பெரிய முதலீட்டை மைசூர் அரசாங்கம் தைரியமா போட்டுச்சு. பெங்களூருக்கு அந்தக் கரண்ட் வந்தது 1905ல, தங்கவயலுக்கு மூணு வருஷம் கழிச்சு. இன்னைக்கு எலக்ட்ரானிக் சிட்டின்னு பெருமையா சொல்ற ஊரோட மொத தெருவிளக்குக்குப் பின்னாடி சுரங்கத் தொழிலாளி கீழ வெட்டின கல்லு இருக்கு. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லல, மின்சாரத் திட்டத்துக்கு உறுதியான வாடிக்கையாளர் இல்லன்னா திட்டமே ஓடாது, அந்த வாடிக்கையாளர் தங்கவயல்.

இன்னும் இருக்கு. பூமிக்கு அடியில காஸ்மிக் கதிர் குறுக்கீடு இல்லாம நியூட்ரினோங்கற நுண்துகளைத் தேடறதுக்கு உலகத்துல கிடைச்ச ரொம்ப ஆழமான இடங்கள்ல ஒண்ணு சாம்பியன் ரீஃப், 1965ல டாடா ஆராய்ச்சி நிலையம் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோட சேர்ந்து காத்து மண்டலத்துல உண்டாகற நியூட்ரினோவை அங்கதான் பதிவு பண்ணாங்க. பாறை வெடிக்கறதைப் படிச்ச அனுபவத்துலதான் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனத்தை 1988ல கேஜிஎஃப்ல ஆரம்பிச்சாங்க. மண் அள்ளற மிஷின் செய்யற அரசாங்கக் கம்பெனி பெமல் 1964ல வந்துச்சு, அதோட தொழிற்சாலை தங்கவயல்ல இன்னைக்கும் ஓடுது.

ஆனா முரளி கேட்ட கேள்விக்கு இதுலயே பதில் இருக்கு. சுரங்கத்துக்கு வேணும்ங்கற மிஷினை எங்க செஞ்சாங்க? இங்கிலாந்துல. கம்பெனியை நடத்தினது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், லாபப்பங்கு போனது லண்டனுக்கு. கரண்ட் திட்டத்துக்கு ஜெனரேட்டர் வந்தது அமெரிக்காவுல இருந்து. தங்கத்துக்குப் பக்கத்துலயே ஒரு மிஷின் தொழில், பட்டறை, டூல் தயாரிக்கற சின்னக் கம்பெனின்னு வளந்திருந்தா, சுரங்கம் மூடினாலும் ஊர் நின்னிருக்கும். பெமல் ஒண்ணுதான் அந்த மாதிரி வந்துச்சு, அதுவும் எண்பது வருஷம் லேட்டா.

ஒயிட்ஃபீல்ட்_வினோத்:

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதறீங்க, மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. இந்தியாவோட மொத்தக் கூட்டு மதிப்புல சுரங்கமும் குவாரியும் சேர்ந்தே ரெண்டு சதவீத அளவுலதான் இருக்கு. கர்நாடகாவைத் தூக்கி நிறுத்தறது சர்வீஸ் செக்டர். தங்கம்னு எடுத்தா இங்க ராய்ச்சூர் மாவட்டத்துல ஹட்டி சுரங்கம் ஒண்ணுதான் சொல்லிக்கற மாதிரி ஓடுது, வருஷத்துக்கு ஒண்ணரை டன் சொச்சம், நாடு இறக்குமதி பண்றது 700, 800 டன். அப்படிப் பாத்தா இந்த சின்ன அளவுக்காக காட்டையும் தண்ணியையும் கெடுத்துக்கணுமா? குதிரேமுக்ல 2005 முடிவுல கோர்ட் உத்தரவுல இரும்புச் சுரங்கத்தை மூடினாங்க, மாநிலம் ஒண்ணும் முழுகிடல, காடு பொழச்சுது. தங்கவயல் பசங்க ட்ரெயின் ஏறி வந்து ஐடியிலயும் ஆஸ்பத்திரியிலயும் நல்லாத்தானே சம்பாதிக்கறாங்க.

மாரிக்குப்பம்_முரளி:

வினோத், நீங்க சொல்ற ரெண்டு சதவீதம் நாட்டு அளவுல சரி. ஆனா நாட்டு சராசரி எந்த ஊர்ல குடியிருக்கு? பெங்களூர்ல சுரங்கம் பூஜ்யம், பல்லாரி பக்கம் இரும்பு வெட்டற சண்டூர்ல அதுதான் எல்லாமே. ரெண்டையும் சேர்த்துக் கலக்கிட்டு ரெண்டு சதவீதம்னு சொன்னா சண்டூர்காரனுக்கும் அது உபயோகமில்ல, நமக்கும் உபயோகமில்ல. அதே மாதிரி கனிமம் வெளிய போன பிறகு அதோட மதிப்பு ஸ்டீல்னும் சிமென்ட்னும் கரண்ட்னும் பேர் மாறி தொழிற்சாலை கணக்குல ஏறுது. ஒயிட்ஃபீல்டுல நீங்க உக்காந்திருக்கற பில்டிங்ல இருக்கற கம்பியும் ஜல்லியும் எந்தக் கணக்குல வருது?

ட்ரெயின் விஷயம். ஊர்ல இருந்து போக வர ஒரு நாளுல அஞ்சாறு மணி நேரம் ட்ரெயின்லயே போயிடுது எங்க ஆளுங்களுக்கு. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏறி பங்காருபேட்டை வர்றதுக்குள்ள உக்கார எடம் இருக்காது, வாசல்ல தொங்கறவங்கள்ல பாதிப் பேர் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், பேக்கிங் வேலைக்குப் போறவங்க. பொண்ணுங்க புள்ளைங்கள பாட்டிகிட்ட விட்டுட்டு கிளம்பி, தூங்கின பிறகு வீட்டுக்கு வர்றாங்க. இதை நல்லா சம்பாதிக்கறாங்கன்னு ஒரு வரியில முடிச்சுடாதீங்க. சுரங்கம் இருக்கும்போதே வேற தொழிலுக்கு அடித்தளம் போட்டிருந்தா இந்த ட்ரெயின் இவ்ளோ நிரம்பாது.

பல்லாரி_சுந்தர்:

நான் ஹொசபேட்டையில பொறந்து வளந்த தமிழன், இப்ப அல்சூர்ல ட்ரான்ஸ்போர்ட் ஆஃபீஸ் வச்சிருக்கேன், பல்லாரி பூம் நடக்கும்போது எங்க வீட்ல ரெண்டு டிப்பர் ஓடுச்சு, அதனால உள்ள இருந்து பாத்ததைச் சொல்றேன்.

2004, 2005க்கு அப்புறம் சீனாவுல இரும்புத்தாதுக்கு என்ன விலை வேணாலும் கொடுக்கறேன்னு நின்னாங்க, பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் வர்ற நேரம். அப்ப எங்க ஊர் நிலவரம் எப்படின்னா வேர்க்கடலை போட்டுட்டிருந்த நிலத்தைக் கூட மேலாப்ல சுரண்டி மண்ணை ஏத்தினாங்க, லோன்ல லாரி வாங்காத வீடு இல்ல, ரோடு பூரா செகப்புத் தூசி, மாதுளைச் செடி இலை எல்லாம் செகப்பு, துணி காயப்போட முடியாது. ஊர்ல காசு பொரண்டுச்சு உண்மைதான், ஆனா அது எந்த மாதிரி காசுன்னா ரெண்டு பேர் ஹெலிகாப்டர் வாங்கற அளவுக்கு மேல, டிப்பர் ட்ரைவருக்கு டபுள் ஷிப்டு பேட்டா கீழ, நடுவுல ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் பழையபடியே. 2010ல பேலேகேரி துறைமுகத்துல பறிமுதல் பண்ணி வச்ச தாதே காணாம போச்சு. 2011 ஜூலையில லோகாயுக்தா சந்தோஷ் ஹெக்டே ரிப்போர்ட் வந்துச்சு, அரசாங்கத்துக்கு 16,085 கோடி நஷ்டம்னு, முதலமைச்சரே ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. அதே மாசக் கடைசியில சுப்ரீம் கோர்ட் பல்லாரியில சுரங்கத்தை நிறுத்துச்சு, அடுத்து சித்ரதுர்கா, தும்கூர்.

நிறுத்தினதும் என்னாச்சு தெரியுமா, ரோட்டோரத்துல வரிசையா டிப்பர் நின்னுச்சு, ஃபைனான்ஸ்காரன் வந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போனான். டீக்கடை, பஞ்சர் கடை, லாட்ஜ் எல்லாம் காலி. தப்பு பண்ணவன் வேற, பட்டினி கிடந்தவன் வேற. ஆனா ஒண்ணு, தடை வந்தது நல்லதுன்னுதான் இன்னைக்கும் சொல்லுவேன். லீஸுங்கள ஏ, பி, சின்னு பிரிச்சாங்க, எல்லை தாண்டி மோசமா வெட்டின சி கேட்டகிரி 51 லீஸை 2013ல ரத்து பண்ணாங்க. விற்பனை எல்லாம் ஈ-ஆக்‌ஷன்ல போச்சு. மூணு மாவட்டத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 3 கோடி டன்தான்னு வரம்பு கட்டினாங்க, அப்புறம் 3.5 கோடி, 2022ல 5 கோடி. எவ்ளோ வெட்டலாம்னு ஒரு அளவு இருந்தா விலையும் நிக்கும், மலையும் நிக்கும், ட்ரைவருக்கு வேலையும் நாலு வருஷத்துல தீராம நாப்பது வருஷம் வரும். ஸ்டீல் ப்ளான்ட் தோரணகல்லுல இருக்கறதால தாது அங்கயே மதிப்பு ஏறுது, இது தங்கவயலுக்குக் கிடைக்காத பாக்கியம்.

நெய்வேலி_செல்வி:

சுந்தர் அண்ணா சொன்ன கடைசி விஷயத்துக்கு எங்க ஊர்தான் உதாரணம். நெய்வேலியில நிலக்கரி வெட்டற எடமும் கரண்ட் எடுக்கற எடமும் பக்கத்துப் பக்கத்துல. 1935ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா வந்ததுன்னு ஆரம்பிச்ச கதை, 1956ல கம்பெனி, 1962ல கரண்ட். பழுப்பு நிலக்கரியை தூரம் கொண்டு போறது கட்டுப்படியாகாது, ஈரம் ஜாஸ்தி, அதனால வாசல்லயே எரிச்சாகணும், அதுவே டவுன்ஷிப்பை நிக்க வச்சுது. அந்தக் கரண்ட்ல ஒரு பங்கு கர்நாடகாவுக்கும் வருது, நாம இங்க ஃபேன் போடறதுல அதுவும் இருக்கும்.

ஆனா அண்ணா, டவுன்ஷிப்புக்குள்ள ஒரு ஊர், காம்பவுண்டுக்கு வெளிய ஒரு ஊர். உள்ள வேப்பமரத்து நிழல்ல அகலமான ரோடு. வெளிய நிலம் கொடுத்த கிராமம், நிரந்தர வேலைக்குக் காத்திருந்து ஒப்பந்தத் தொழிலாளியாவே வயசாகிப் போனவங்க. நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட நிலத்தடி நீர் இருக்கு, அதை ராப்பகலா இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கலன்னா சுரங்கத்தோட தரையே பொங்கி வந்துடும், அதனால இறைச்சுக்கிட்டே இருக்காங்க, சுத்துப்பட்டு போர்வெல்காரங்க தண்ணி கீழ போயிடுச்சுன்னு புலம்பறாங்க. நிலத்துக்குக் கொடுக்கற காசு ஒரு தடவை வருது, நிலம் விளைச்சல வருஷா வருஷம் கொடுத்துட்டிருந்துச்சு. ஒரு தடவை வர்ற காசையும் வருஷா வருஷம் வர்ற காசையும் எப்படி ஒண்ணா வைக்கறதுன்னு யாராவது கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை_ஜெயநகர்:

செல்விம்மா, அதுக்கு வழி இருக்கு, கனிமம் ஒரு தடவைதான் வரும், அதனால அதுல வர்ற அரசாங்கக் காசை செலவுன்னு பாக்காம முதல்னு பாக்கணும், கையில கிடைச்ச நிலத்தை வித்துச் சாப்பிட்டா எப்படியோ அப்படி ஆகிடக் கூடாது. இப்ப சட்டம் என்ன கொடுக்குதுன்னு எடுத்து வைக்கறேன், முரளி கேட்ட "ஊருக்கு எவ்ளோ"வுக்கு நேரடி பதில் இதுதான்.

கனிமம் வெட்டறவங்க அரசாங்கத்துக்குக் கட்டறது ராயல்டி. தங்கத்துக்கு அது 4 சதவீதம், லண்டன் விலையில, கல்லுல இருக்கற தங்கத்துக்கு. இரும்புத்தாதுக்கு சராசரி விற்பனை விலையில 15 சதவீதம். இந்த ராயல்டி மாநில அரசாங்கத்தோட பொது கஜானாவுக்குப் போகுது, சுரங்கம் இருக்கற தாலுகாவுக்குப் போகாது. அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கத்தான் 2015ல சட்டத்தைத் திருத்தி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்ட கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு வச்சாங்க. 2015 ஜனவரி 12க்கு முன்னாடி கொடுத்த லீஸ்னா ராயல்டியில 30 சதவீதம், ஏலத்துல போன லீஸ்னா 10 சதவீதம் அதுக்குக் கட்டணும்.

இப்ப பெருக்கிப் பாருங்க. 100 ரூபா இரும்புத்தாதுல பழைய லீஸா இருந்தா மாவட்டத்துக்கு 4 ரூபா 50 பைசா. ஏல லீஸா இருந்தா 1 ரூபா 50 பைசா. 100 ரூபா தங்கத்துல ஏல லீஸ்னா 40 பைசா. ஆமா, நாப்பது பைசா. நூறு கோடி ரூபா தங்கம் எடுத்தா மாவட்டத்துக்கு நாப்பது லட்சம். ஏலத்துல கம்பெனி கொடுக்கற ப்ரீமியம் பெரிய தொகையா இருக்கும், அதுவும் மாநிலத்துக்கு.

ட்ரில்லர்_பாலா:

சார் அந்த நாப்பது பைசா கணக்கு எல்லாரும் பாக்க வேண்டியது. கூடவே ஒண்ணு: 2024 ஜூலை 25ல சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதி பெஞ்ச், எட்டுக்கு ஒண்ணுன்னு, ராயல்டி வரி கிடையாது, கனிம உரிமை மேல வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் இருக்குன்னு சொல்லிடுச்சு. 1989ல தமிழ்நாடு சம்பந்தப்பட்ட இந்தியா சிமென்ட்ஸ் வழக்குல ராயல்டியும் வரிதான்னு சொன்னதை மாத்திட்டாங்க. அந்த ஒரே ஒரு மாற்றுத் தீர்ப்பு நம்ம கர்நாடகா நீதிபதி நாகரத்னா எழுதினது, மாநிலங்க போட்டி போட்டு வரி ஏத்திக் கனிம விலை கண்டபடி போயிடும்ங்கறது அவங்க கவலை, அதுலயும் அர்த்தம் இருக்கு. தமிழ்நாடு உடனே கனிம நிலத்துக்கு வரின்னு சட்டம் போட்டு 2025 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு.

ஓசூர்_ஜல்லி:

அந்தச் சட்டம் வந்தப்ப நான் ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு எம்சாண்டும் ஜல்லியும் அடிக்கற வேலையில இருக்கேன், க்ரஷர்காரங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க, ரேட் ஏறுச்சு, சர்ஜாபூர் ரோட்ல அபார்ட்மென்ட் கட்டறவங்க ஃபோன் மேல ஃபோன் போட்டாங்க. தங்கம் இரும்புன்னு எல்லாரும் பேசறீங்க, பெங்களூர் தினமும் தின்கிற கனிமம் கல்லுதான். கிருஷ்ணகிரி, கோலார், சிக்கபள்ளாபூர் மலைங்கள்ல வெடி வச்சு எடுத்து ராத்திரி பூரா லோடு வருது. பர்மிட்ல ஒரு எடை, வண்டியில வேற எடை, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பர்மிட்டுக்கு மேல ஏத்தினதுல அரசாங்கத்துக்கும் இல்ல, மாவட்ட அறக்கட்டளைக்கும் இல்ல, வெடிச் சத்தத்துல வீடு கீறல் விட்ட கிராமத்துக்கும் இல்ல. நான் சொல்றது என்னன்னா உற்பத்தி மதிப்பே ஒழுங்கா எழுதாத எடத்துல சதவீதத்தை எவ்ளோ ஏத்தினாலும் ஒண்ணும் தேறாது, மொதல்ல எடை மேடை ஒழுங்கா இருக்கணும்.

ஒயிட்ஃபீல்ட்_வினோத்:

நாப்பது பைசா கணக்கு எனக்குப் புதுசு. அப்ப ஒரு கேள்வி, சயனைடு மேட்டை ஏலம் விடறதுல தங்கவயலுக்கு என்னதான் நன்மை? எடுக்காம விட்டுடலாமே.

உரிகம்_பெரியவர்:

விட்டுட முடியாது தம்பி. ஆடி மாசம் காத்து அடிச்சா அந்த மேட்டு மண்ணு மாவு மாதிரி பறந்து வீட்டுக்குள்ள வருது, சோத்துல விழுது, கண்ணு எரியுது, பசங்களுக்கு இருமலு. மழ பேஞ்சா வழிஞ்சு ஓடைக்குப் போவுது. அத யாராச்சும் எடுத்துத்தான் ஆவணும். எடுக்கறப்ப எப்படி எடுக்கறான்றதுதான் கேள்வி, காஞ்ச மண்ண தோண்டி லாரில ஏத்தினா இப்ப பறக்கறதவிட பத்து மடங்கு பறக்கும்.

ட்ரில்லர்_பாலா:

ஐயா சொல்றது டெக்னிக்கலா ரொம்ப முக்கியம். மேட்டு மண்ணை திரும்ப அரைச்சு தங்கம் எடுக்கறது ஆழச் சுரங்கம் மாதிரி இல்ல, செலவு கம்மி, தண்ணி பீச்சி கூழாக்கி குழாய்ல ப்ளான்டுக்குக் கொண்டு போகலாம், தூசி கிளம்பாது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் கீழதான் தங்கம் இருக்கும், ஆனா இன்னைக்கு விலைக்குக் கட்டுப்படி ஆகும். எச்சரிக்கை ரெண்டு. இதுல வேலை வாய்ப்பு ரொம்ப இருக்காது, ப்ளான்ட் ஓட்ட கொஞ்சம் பேர் போதும், ஆயிரக்கணக்குல வேலைன்னு மேடையில சொன்னா நம்பாதீங்க. இன்னொண்ணு, தங்கம் எடுத்த பிறகும் மண்ணு அதே அளவு மிச்சம் இருக்கும், அதை எங்க போடப் போறாங்க, மேல செடி போட்டு மூடறாங்களா, யார் செலவுன்னு ஏல ஒப்பந்தத்துலயே எழுதணும், அப்புறம் கேட்டா நடக்காது. தண்ணி எங்க இருந்து எடுப்பாங்கன்னும் கேக்கணும், கோலார் வறண்ட மாவட்டம்.

மாரிக்குப்பம்_முரளி:

எல்லாருக்கும் நன்றி, இப்ப கேள்வி கையில வந்துடுச்சு. சுரங்கம் மூடினப்ப மூவாயிரம் பேருக்கு மேல வேலை போச்சு, அவங்கள்ல நிறையப் பேர் இன்னும் சுரங்கக் கம்பெனி கொடுத்த அதே லைன் வீட்ல இருக்காங்க, வீட்டுக்குப் பட்டா பேச்சு இழுத்துக்கிட்டே கிடக்கு. ஏலம் நடக்கறதுக்கு முன்னாடி நாம கேக்க வேண்டியது: ப்ரீமியத்துல ஒரு பங்கு தங்கவயலுக்குன்னு தனியா ஒதுக்கணும், அறக்கட்டளைக் காசு மாவட்டத் தலைநகர்ல கட்டடம் கட்டப் போகாம மேட்டைச் சுத்தி இருக்கற வார்டுங்களுக்கு வரணும், சிலிகோசிஸ் வந்து உயிரோட இருக்கறவங்களுக்கு மருத்துவம், லைன் வீட்டுக்கு உரிமை. மத்திய அரசாங்கத்தோட வழிகாட்டுதல்லயே குடிதண்ணி, சுகாதாரம், படிப்பு, சுற்றுச்சூழல் மாதிரி விஷயத்துக்கு குறைஞ்சது 70 சதவீதம்னு 2024ல சொல்லியிருக்காங்க, அதனால நாம கேக்கறது சட்டத்துக்கு உள்ளதான்.

நெய்வேலி_செல்வி:

அண்ணா, கோலார் மாவட்ட அறக்கட்டளைக்கு இதுவரைக்கும் எவ்ளோ வந்துச்சு, எந்தத் தாலுகாவுல எதுக்குச் செலவு ஆச்சுன்னு மொதல்ல ஆர்டிஐ போடலாம். பத்து ரூபா ஃபீஸ்தான். கன்னடத்துல எழுதினா சீக்கிரம் நகரும், எனக்கு கன்னடம் எழுத வரும், நான் டைப் பண்ணித் தர்றேன்.

பல்லாரி_சுந்தர்:

செல்விம்மா அதுல பல்லாரியையும் சேர்த்துக்க, தனி மனுவா போடு. ரெண்டு மாவட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் யாருக்கு எவ்ளோ வருதுன்னு புரியும். அங்க கொண்டு போய்க் கொடுக்கறது என் பொறுப்பு.

உரிகம்_பெரியவர்:

மேட்டாண்ட காத்துல எவ்ளோ தூசின்னு அளக்கற மிஷினு வச்சிருக்காங்களா, வச்சிருந்தா போன ஆடி மாசத்து அளவு என்னான்னும் ஒரு கேள்வி சேத்துக்கோம்மா.